பீரோவுக்குள் எரிந்த பல்ப்: வைஃபை மின் மீட்டர், பத்து மாத அனுபவம்

எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. ஃபேன் ஹாலில் ஒன்று இருக்கிறது, அதுவும் சித்திரையில் பத்து நாள் சுற்றினால் பெரிது. கோத்தகிரியை அடுத்த அரவேணுவில் இருக்கும் இந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு 547 யூனிட் எப்படி ஓடும்? மேட்டுப்பாளையத்தில் என் மச்சான் வீட்டில் போர்வை போர்த்திக்கொண்டு ஏசியில் தூங்குகிறார்கள். அவர்களுக்கே 480தான். இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துதான் இதை வாங்கினேன்.

தேயிலை ஃபேக்டரியில் 27 வருஷம் கணக்கு எழுதியவன் நான். கொழுந்துக்குக் காசு கொடுப்பதற்கு அடுத்தபடி பெரிய செலவுகளில் ஒன்று கரண்ட் பில். யாரோ வீணாக்கியதைக் கண்டுபிடிப்பது பழகிப்போன வேலை. வீட்டில் அந்த வேலையைப் பார்க்கக் கருவி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பொருள் என்னவென்றால், இரண்டு தீப்பெட்டியை அடுக்கியது போல ஒரு வெள்ளைப் பெட்டி, கூடவே ஒயரோடு ஒரு கறுப்பு வளையம். வளையத்தைத் திறந்து மெயின் போர்டில் பேஸ் ஒயரைச் சுற்றிக் கவ்வ வைக்க வேண்டும். ஒயரை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே போகும் கரண்டுக்குத் தக்கபடி வளையத்தின் சுருளில் சின்னதாக ஒரு கரண்ட் உண்டாகும். பெட்டி அதை அளந்து, வோல்டேஜோடு பெருக்கி, வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பும். ஈ.பி. மீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் சீலைத் தொடாமல், நம் மெயின் சுவிட்சுக்குப் பின்னால் பொருத்துவது. விலை 2,350. எலெக்ட்ரீஷியன் தம்பிக்கு 400. கூரியர் மலை ஏறி வர ஒன்பது நாள் ஆனது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. ஒரே பெட்டியை ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள்.

முதல் நாளே கூத்து. ஆப்பைத் திறந்தால் எல்லாம் மைனஸில் ஓடுகிறது. கீசரைப் போட்டால் மைனஸ் 1,400. அதாவது நாங்கள் மின் வாரியத்துக்குக் கரண்ட் விற்றுக்கொண்டிருக்கிறோம்! பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932இலிருந்தும், கனடா உதவியோடு கட்டிய குந்தா நீர்மின் நிலையத்தில் 1960இலிருந்தும் இந்த மலை கீழே கரண்ட் அனுப்புகிறதே, அந்த வரிசையில் என் வீடும் சேர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பார்த்தால் வளையத்தின் உள்பக்கம் அரிசி அளவில் ஓர் அம்புக்குறி. அது வீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும், தம்பி மாற்றிப் போட்டுவிட்டார். “அண்ணா, பேப்பர்ல அதைப் போடவே இல்லீங்களே” என்றார். உண்மைதான். கூட வந்த காகிதத்தில் ஐந்து மொழி இருக்கிறது, அம்புக்குறி பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்தது நேரம். காலை ஆறு மணிக்குப் போட்ட கீசர் ஆப்பில் எட்டரைக்குத் தெரிந்தது. சீன நேரம்! இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டேன். மூன்றாவதுக்குப் பதில் வந்தது, அதுவும் ‘ரவுட்டரை அணைத்துப் போடவும்’ என்று. கடைசியில் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் மகள்தான் வீடியோ காலில் பார்த்து, “அப்பா, அக்கவுண்ட்ல ஊரை மாத்துங்க” என்றாள். மாற்றியதும் சரியாகிவிட்டது, ஆனால் பழைய பதிவெல்லாம் அழிந்து போனது.

அளவு சரியா என்று பார்க்காமல் விடுவேனா. ஈ.பி. மீட்டரில் ஒரு சிவப்பு லைட் மினுக்கும், கவனித்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை என்று மேலேயே எழுதியிருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கீசரை மட்டும் போட்டு, கைக்கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நின்றேன். ஒரு நிமிஷத்தில் 77 மினுக்கல். கணக்குப்படி 1,444 வாட். ஆப் காட்டியது 1,425. ஒரு வாரம் வைத்துப் பார்த்ததில் மீட்டரில் 62 யூனிட், ஆப்பில் 60.9. வீட்டு உபயோகத்துக்கு இது தாராளம்.

2,000 வாட் என்று எழுதிய கீசர் ஏன் 1,425 இழுக்கிறது என்று கேட்கலாம். வீட்டு ஒயரிங் பழசு, கீசர் போட்டதும் வோல்டேஜ் 194க்கு இறங்கிவிடுகிறது. வாட் குறைந்தால் மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் சூடாக அதிக நேரம் ஆகும், யூனிட் கிட்டத்தட்ட அதேதான். 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக முக்கால் யூனிட் வேண்டும். எந்தக் கீசரானாலும் அதில் தப்பிக்க வழியில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கீசர்தான் குற்றவாளி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பேரன் பேத்தி வந்தால் ஒரு மணி நேரம் குளிக்கிறார்கள் என்று அவர்கள் மேலும் ஒரு பழி. ஆனால் ஆப்பில் ராத்திரி இரண்டு மணிக் கோட்டைப் பார்த்தால், ஃப்ரிட்ஜ் ஓடாத நேரத்திலும் 80 வாட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. எல்லாரும் தூங்குகிறோம், யார் தின்கிறது? ஒருநாள் அந்த நேரத்துக்கு எழுந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். ரவுட்டரும் டிவி பெட்டியும் சேர்ந்து இருபது. மீதி அறுபது எங்கே என்று தெரியவில்லை. போர்டில் பெட்ரூமுக்கான சுவிட்சை (எம்.சி.பி.) இறக்கினேன், கோடு தடாலென்று விழுந்தது. பெட்ரூமில் எரிகிற மாதிரி ஒன்றுமே இல்லையே என்று பீரோவைப் பார்த்தேன். கதவு இடுக்கில் கை வைத்தால் வெதுவெதுப்பு.

மலையில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே செருப்பிலிருந்து சாமி படம் வரை பூஞ்சணம் பிடிக்கும். பட்டுச்சேலையைக் காப்பாற்ற பீரோவுக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்ப். எல்.இ.டி. போட்டால் சூடு வராது, அதனால் குண்டு பல்ப்தான். போன ஐப்பசியில் என் மனைவி போட்டது. மழை நின்றது, பனி வந்தது, வெயிலும் வந்தது, பல்ப் மட்டும் உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. 60 வாட், 24 மணி நேரம், 60 நாள்: 86 யூனிட்!

காலையில் சொன்னேன். “ஏங்க, அந்தச் சேலை என்ன விலை தெரியுங்களா?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. சமாதானமாக ஒரு டைமர் வாங்கி ஆறு மணி நேரம் என்று வைத்தோம். அடுத்த பில் 481 யூனிட்.

இதில் யூனிட்டைவிட முக்கியம் அந்த 500 என்ற படி. 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. முதல் 100 யூனிட் இலவசம் இரண்டிலும் உண்டு. ஆனால் 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான குறைந்த விலை போய்விடும், அதனால் அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் ஏறியது, படி அங்கேயே இருக்கிறது. பழைய விலைக்கே வைத்தாலும் 547க்கும் 481க்கும் வித்தியாசம் 700 ரூபாய்க்கு மேல் வரும். நான்கு பில்லில் போட்ட காசு திரும்பும், எல்லா பில்லும் 500ஐத் தாண்டுகிற வீடாக இருந்தால். 300 யூனிட் வீட்டுக்கு இதை வாங்காதீர்கள், வீண்.

மகள் வீட்டில் இதெல்லாம் வேறு மாதிரி. சமையல் மேடையில் ஒரு சின்னத் திரை, கெட்டிலைப் போட்டால் எத்தனை பென்னி என்று காட்டும். மீட்டரே அரை மணிக்கு ஒரு தரம் கணக்கு அனுப்புகிறது. பிடிக்காவிட்டால் மின் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் பொறாமைதான். ஆனால் அவள் 2018இல் கம்பெனி மாறியதும், முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் என்பதால் புதுக் கம்பெனியோடு பேசாமல் ஊமையாகிவிட்டது, நம்மூர் போலக் குனிந்து ரீடிங் பார்த்து அனுப்பினாள். 2021இல் எரிவாயு விலை ஏறியபோது அங்கே முப்பதுக்குச் சற்றுக் குறைவான கம்பெனிகள் மூழ்கின, அவள் கம்பெனியும் ஒன்று. லைட் அணையவில்லை, அரசின் ஒழுங்குமுறை அமைப்பு வேறொரு கம்பெனிக்கு மாற்றிவிட்டது. விலை மட்டும் அவள் தேர்ந்தெடுத்ததாக இல்லை.

இங்கே மும்பைப் புறநகரில் டாடா பவரா அதானியா என்று வீட்டுக்காரர்களே தேர்ந்தெடுக்கலாம், 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த வசதி. ஒரே ஊரில் பல கம்பெனிகளை அனுமதிக்க 2022 ஆகஸ்டில் மக்களவையில் ஒரு மசோதா வந்து, நிலைக்குழுவுக்குப் போனது. அரவேணுவில் ஒரே ஒயர், ஒரே பில். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. எந்தக் கம்பெனி வந்தாலும் மரம் விழுந்தால் லைன் அறுந்துதான் போகும்.

எனக்குக் கவலை தருவது நேரக் கட்டணம். ஃபேக்டரியில் காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 ஓடினால் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் என்று கணக்கு எழுதிப் பழகியவன். ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீடுகளுக்கும் இதே போலப் பகல் வெயில் நேரத்தில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்று மத்திய அரசு 2023இல் விதி போட்டது. சென்னை தியாகராய நகரில் சோதனையாக ஸ்மார்ட் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். மலைக்கு அது வரும் நாளில் என்ன ஆகும் என்பதை இந்த ஆப்பிலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டுக் கோடு தோடர் எருமைக் கொம்பு மாதிரி: காலை ஐந்தரை முதல் எட்டு வரை ஒரு கொம்பு, சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை இன்னொன்று, நடுவில் ஒன்றுமே இல்லை. சமவெளிக்காரர் துணி துவைப்பதை மத்தியானத்துக்குத் தள்ளலாம். மார்கழிக் காலையில் எங்கள் அம்மாவின் குளியலை நான் எங்கே தள்ளுவது? ஃபேக்டரியிலாவது கொழுந்து வாட்டும் ஃபேனை ராத்திரிக்கு மாற்றிப் பார்த்திருக்கிறோம்.

குறைகள் இன்னும் சில. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், அந்த நேரப் பதிவு இருக்காது. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் இருந்தால்தான் பிடிக்கும். பனி இறங்கும் மாதத்தில் பெட்டியின் திருகில் பச்சைக் களிம்பு படிந்தது, துடைத்துவிட்டு மூடி போட்டு வைத்திருக்கிறேன். ஆப்பில் தமிழ் இல்லை. ஒரு யூனிட்டுக்கு ஒரே விலைதான் போட முடிகிறது, நம் படிக்கட்டுக் கட்டணம் அதற்குப் புரியாது. அதனால் ரூபாய்க் கணக்கை நம்பாமல் யூனிட்டை மட்டும் பாருங்கள்.

வாங்குபவர்கள் பொருத்தும்போது பக்கத்தில் நின்று அம்புக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். இந்திய நேரத்தை அவர்களே போட்டு அனுப்பியிருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.