2 லட்சம் நிதியுதவி: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

பென்னாகரம் பக்கம் வீடு வீடாகப் போய் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் ஒரு சின்ன டிரஸ்டில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நர்ஸம்மா, வண்டி ஓட்டும் தம்பி, வாரம் ஒரு நாள் வரும் டாக்டர், அவ்வளவுதான் ஆள்பலம். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், "இனிமே வீட்லயே வெச்சுப் பாத்துக்கோங்க" என்று அனுப்பப்பட்டவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற சிகிச்சை இது, பாலியேட்டிவ் கேர் என்பார்கள். போன வருடம் ஓர் அறக்கட்டளை எங்களுக்கு 2 லட்சம் கொடுத்தது. பெயர் வேண்டாம். இந்த மாதிரி சிறு நிதிக்கு விண்ணப்பிக்கலாமா என்று ஆளாளுக்கு போனில் கேட்கிறார்கள், சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நல்லது முதலில். பணம் சொன்ன தேதியில் வந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க நாலு ஏர் பெட், இரண்டு வீல்சேர், டிரெஸ்ஸிங் சாமான், யூரின் டியூப் வாங்கினோம். ஏர் பெட்டை யாருக்கும் சொந்தமாகக் கொடுப்பதில்லை. ஒருவர் போய்ச் சேர்ந்ததும் கழுவிக் காயவைத்து அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரே பெட் அந்த வருடத்தில் ஐந்து வீடு பார்த்துவிட்டது. படுக்கைப் புண் வந்த பிறகு ஆற்றுவதற்கு ஆகிற செலவைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்தப் பணத்தில் எனக்கு மறக்காதது வேறு. மார்பில் புண் வெடித்த ஒரு பாட்டி, வாடை தாங்காமல் மாட்டுக் கொட்டகை ஓரம் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மகனைக் குறை சொல்லவில்லை, வீட்டில் சின்னக் குழந்தைகள். நர்ஸம்மா வாடையைக் குறைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த முறை போனபோது கட்டில் கூடத்தில் இருந்தது, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள். மாத்திரை சில ரூபாய்தான். அதற்கு ஊர் மெடிக்கலில் கையெழுத்து ரசீது கொடுத்தார்கள், நிதி கொடுத்தவர்கள் ஜிஎஸ்டி எண் இல்லை என்று அந்த ரசீதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குறைகள் இங்கேதான் ஆரம்பம். சம்பளம் கிடையாது, பெட்ரோல் கிடையாது, பொருள் மட்டும்தான் வாங்கலாம். ஏர் பெட் தானாக நடந்து மலைக்கு ஏறுமா? எங்கள் வேலையே நர்ஸம்மா போய் வருவதுதான், அதற்கு இதில் ஒரு ரூபாய் இல்லை. வலிக்கு மார்பின் வேண்டுமென்றால், போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அனுமதி பெற்ற மருத்துவ நிறுவனம் அதை வைத்துக்கொள்வது முன்பைவிட எளிது, ஆனால் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அந்த அனுமதி இல்லை; வீட்டு ஆள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வரவேண்டும். மகள் போனால் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, மகன் போனால் பஸ் காசும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு.

விண்ணப்பத்தில் 'தேவையை நிரூபிக்கவும்' என்று ஒரு கட்டம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைப் போட்டேன்: உலகம் முழுக்க வருடத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு பாலியேட்டிவ் சிகிச்சை தேவை, கிடைப்பது 14 சதவீதம் பேருக்குத்தான். தாலுகா கணக்கு கேட்டார்கள். அதை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? அப்புறம், அரசே செய்கிறதே நீங்கள் எதற்கு என்றும் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், அதில் இந்தச் சிகிச்சையும் உண்டு, மறுக்கவில்லை. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்வதே அந்த ஊழியர்கள்தான். ஒரு ஆள் எத்தனை ஊர் பார்ப்பார்?

இன்னொன்று, நோயாளி பெட்டில் படுத்திருக்கிற போட்டோ வேண்டுமாம். நர்ஸம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். காலிப் பெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி எடுத்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

வெளிநாட்டு நிதி வாங்கலாமே என்பவர்களுக்கு: வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், அதற்கு 3 வருடத்தில் 15 லட்சம் செலவு செய்த கணக்கு காட்டவேண்டும். எங்களால் ஆகாது. பதிவு உள்ள பெரிய அமைப்பு வாங்கிப் பிரித்துக் கொடுக்கலாமா என்றால் அதையும் 2020 திருத்தத்தில் தடுத்துவிட்டார்கள். ஆக, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு நிதிக்குத்தான் போகவேண்டும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. விண்ணப்பம் போடுங்கள், ஆனால் சம்பளத்துக்கு வேறு வழி இருந்தால் மட்டும் போடுங்கள், பில்லை முதல் நாளிலிருந்தே ஃபைலில் சேருங்கள். நாங்களும் இந்த வருடம் மறுபடி போட்டிருக்கிறோம். பெட்ரோல் என்று எழுதாமல் 'இல்ல சந்திப்புச் செலவு' என்று எழுதியிருக்கிறேன், பார்ப்போம்.