அணு உலைப் பௌதிகவியல் நூல் ஒன்றுடன் மூன்று ஆண்டுகள்

2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் உயர்தர மாணவர்கள் சிலருக்குப் பௌதிகவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். பேச்சு மின் உற்பத்திக்குத் திரும்பியபோது ஒரு மாணவி, "சேர், அணுமின் நிலையம் குண்டு மாதிரி வெடிக்காதா?" என்று கேட்டாள். வெடிக்காது என்றேன். ஏன் என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டுடர்ஸ்டட், ஹமில்டன் இருவரும் எழுதி 1976 இல் வெளிவந்த 'நியூக்ளியர் ரியாக்டர் அனாலிசிஸ்' என்ற நூலைக் கனடாவில் இருந்து வந்த மச்சான் மூலம் எடுப்பித்தேன். மூன்று ஆண்டுகளாக அது என் மேசையில் இருக்கிறது. தனியாக இருந்து அதைப் படிக்க நினைக்கும் எவருக்கும் பயன்படலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று அத்தியாயங்கள் அதிகம் சிரமப்படுத்தவில்லை. யுரேனியம் 235 இன் கரு ஒன்று பிளந்தால் ஏறத்தாழ 200 மெகா இலத்திரன் வோல்ற்று சக்தியும் சராசரியாக 2.4 நியூத்திரன்களும் வெளிவருகின்றன என்ற அளவில் தொடங்குவதால், உயர்தரத்தில் கற்ற எவரும் நடந்து போய்விடலாம். நான்காம் அத்தியாயத்தில்தான் வழி அடைத்தது. அங்கே வரும் நியூத்திரன் கொண்டுசெல்லல் சமன்பாட்டில் இடத்துக்கு மூன்று, திசைக்கு இரண்டு, சக்திக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என ஏழு மாறிகள் இருக்கின்றன. திசைகள் எல்லாவற்றுக்கும் தொகையிடுவது என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள முடியாமல் இரண்டு மாதங்கள் அதே பக்கங்களில் நின்றேன். ஒரு கட்டத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, ஒரே வேகமுள்ள நியூத்திரன்களின் பரவலைப் பேசும் ஐந்தாம் அத்தியாயத்துக்குத் தாவி, அதை முடித்த பிறகு திரும்பி வந்தேன். அப்போதுதான் நான்காம் அத்தியாயம் திறந்தது. பரவல் சமன்பாட்டை எழுதும்போது எந்தத் தகவலைக் கைவிடுகிறோம், எல்லை ஓரத்திலும் வலுவான உறிஞ்சிகளுக்கு அருகிலும் அது ஏன் பிழைக்கிறது என்பதையெல்லாம் அந்த அத்தியாயம்தான் சொல்கிறது. இந்த வரிசையில் படிப்பதையே நான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஐந்தாம் அத்தியாயத்தை வாசித்தால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும். முடிவற்ற நீள அகலமுள்ள ஒரு தட்டு உலையை எடுத்துக்கொண்டேன். நியூத்திரன் கசிவே இல்லாதபோது பெருக்கற் காரணி (ஒரு தலைமுறை நியூத்திரன்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்பது) 1.04, பரவல் நீளம் (உறிஞ்சப்படுமுன் நியூத்திரன் பரவும் தூரத்தின் அளவு) 3 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 0.04 ஐ 9 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 0.0667 வரும், பையை அதனால் வகுத்தால், கசிவையும் சேர்த்துக் காரணி சரியாக 1 ஆகும் அவதித் தடிப்பு ஏறத்தாழ 47 சென்ரிமீற்றர். இதைக் கொப்பியில் ஐந்து வரிகளில் முடித்துவிட்டு, மடிக்கணினியில் தட்டை நூறு துண்டுகளாகப் பிரித்து பைத்தன் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். பெருக்கற் காரணி 1 என்று வர வேண்டிய இடத்தில் 1.04 என்று வந்தது. கோசைன் வளையியாக இருக்க வேண்டிய நியூத்திரன் பாயம் (நியூத்திரன் அடர்த்தியை வேகத்தால் பெருக்கிய அளவு) நேர்கோடாகக் கிடந்தது. ஒரு கிழமை நிரலின் ஒவ்வொரு வரியாகத் தேடினேன். பிழை எல்லை நிபந்தனையில் இருந்தது: ஓரத்தில் பாயம் பூச்சியம் என்று கொடுப்பதற்குப் பதிலாகப் பாயத்தின் சாய்வு பூச்சியம் என்று கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் ஒரு நியூத்திரன்கூட வெளியே போகாது. 47 சென்ரிமீற்றர் தட்டு முடிவற்ற உலையாகிவிடும். கசிவு என்பது ஓர் உலையின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதை அந்தக் கிழமைதான் எனக்குப் புரிய வைத்தது.

மாணவியின் கேள்விக்கான பதில் ஆறாம் அத்தியாயத்தில், உலையின் நேரஞ்சார் நடத்தையில் இருந்தது. நியூத்திரன்களின் வேகத்தை நீர் தணிக்கும் உலையில் பிளவின்போது உடனே பிறக்கும் நியூத்திரனின் ஆயுள் பத்தாயிரத்தில் ஒரு விநாடி அளவு. பெருக்கற் காரணி 1.001 ஆனால், உடனடி நியூத்திரன்கள் மட்டுமே இருக்கும் கற்பனை உலை ஒன்றில் ஒரே விநாடியில் வலு ஏறத்தாழ 22,000 மடங்காகும். எந்த மனிதக் கையும் எந்தக் கட்டுப்பாட்டுக் கோலும் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் யுரேனியம் 235 பிளவில் வரும் நியூத்திரன்களில் 0.65 சதவீதமானவை, பிளவுத் துண்டுகள் சிலவற்றின் தேய்வில் இருந்து தாமதமாக வருகின்றன. அத்துண்டுகளில் மிக மெதுவாகத் தேயும் கூட்டத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 55 விநாடி. இந்தச் சிறு பங்கைச் சமன்பாட்டில் சேர்த்தால், அதே 1.001 க்கு வலு முதலில் சிறிது தாவிப் பிறகு ஒரு நிமிடத்தை ஒட்டிய கால அளவில் மெதுவாக ஏறுகிறது. நான் இரண்டு வளையிகளையும் ஒரே வரைபுத் தாளில் வரைய முயன்றேன். முதலாவதற்குத் தாள் போதவில்லை.

அதே அத்தியாயம் என் பழைய பதிலையும் திருத்தியது. பெருக்கற் காரணி 1 ஐ விட மிகுந்திருக்கும் அளவு அந்த 0.65 சதவீதத்தைத் தாண்டினால் தாமத நியூத்திரன்களின் தயவு போய்விடும். 1986 ஏப்ரல் 26 இல் செர்னோபிலில் வலு கட்டுமீறி ஏறியபோது அதுதான் நடந்தது. அது அணுகுண்டு வெடிப்பு அல்ல, ஏனெனில் நீர் உலைகளின் எரிபொருளும் அந்த உலையின் எரிபொருளும் யுரேனியம் 235 இன் பங்கு சில சதவீதமே ஆகும்படி செறிவூட்டப்பட்டவை; குண்டுக்கு அது மிக உயர்ந்த அளவில் வேண்டும். ஆனால் உலையையும் கட்டடத்தையும் சிதைக்க அந்த ஏற்றம் போதுமாக இருந்தது. "வெடிக்காது" என்று ஒரே சொல்லில் நான் சொன்னது பொறுப்பான பதில் அல்ல. மாணவி பல்கலைக்கழகம் போய்விட்ட பிறகு, விடுமுறையில் வந்தபோது இதை முழுமையாகச் சொன்னேன்.

எங்கள் மாவட்டத்துடன் இந்த நூல் தொட்டுக்கொள்ளும் ஓர் இடமும் உண்டு. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, ரூற்றைல் ஆகியவற்றுடன் சேர்க்கோனியத்தின் கனிமமான சேர்க்கோனும் இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எரிபொருள் கோல்களின் உறை சேர்க்கோனியக் கலப்புலோகம். சேர்க்கோனியத்தின் உறிஞ்சற் குறுக்குவெட்டு, அதாவது அதன் கரு ஒரு நியூத்திரனை உறிஞ்சும் வாய்ப்பின் அளவு, 0.18 பாண் (அதற்கான மிகச் சிறிய பரப்பு அலகு) மட்டுமே. ஆனால் சேர்க்கோனில் எப்போதும் சிறிதளவு ஆபினியம் கலந்திருக்கும், அதன் குறுக்குவெட்டோ 100 பாணை ஒட்டியது. நூற்றில் இரண்டு பங்கு ஆபினியம் தங்கிவிட்டால்கூட அதன் உறிஞ்சல் சேர்க்கோனியம் முழுவதன் உறிஞ்சலைப் பல மடங்கு விஞ்சிவிடும். இரசாயனத்தில் இரட்டையர் போன்ற இரண்டையும் பிரித்தே தீர வேண்டியிருப்பது இதனால்தான். அட்டவணை எண்களை வெறும் எண்களாகப் பார்ப்பதை இந்தக் கணக்குக்குப் பிறகு நிறுத்தினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தரவுகளும் கணினி முறைகளும் 1970களுக்கு உரியவை. இன்றைய குறுக்குவெட்டுகளுக்கு, 2018 இல் வெளிவந்த ஈஎன்டிஎஃப் என்ற அணுக்கருத் தரவுத் தொகுப்பின் எட்டாம் பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நியூத்திரன்களின் பயணத்தைக் கணிக்கும் ஓப்பன்எம்சி என்ற திறந்த மூல நிரலும் பழைய மடிக்கணினியில் சிறு கணக்குகளுக்கு ஓடுகிறது. பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள், லாப்லாஸ் உருமாற்றம் இரண்டிலும் பழக்கம் இல்லாதவர்கள் ஆறு மாதம் கணிதத்துக்கு ஒதுக்கிவிட்டு நூலைத் திறப்பது நல்லது; நான் அப்படிச் செய்யாததால் முதல் ஆண்டில் பாதி வீணாயிற்று.

நியூத்திரன்களை மிக வலுவாக உறிஞ்சும் பிளவு விளைபொருளான செனன் 135 பற்றிய பகுதியை, கடைசி அத்தியாயத்தில் இருந்தபோதிலும், ஆறாம் அத்தியாயத்துடன் சேர்த்தே படித்தேன். தேய்ந்து செனனாகும் அயடீனுக்கு 6.6 மணி நேரம், செனனுக்கு 9.1 மணி நேரம் என்ற இரண்டு அரைவாழ்வுகளை வைத்து, உலையை நிறுத்திய பிறகும் செனன் ஏறிக்கொண்டே போவதை உயர்தர இணைந்த கணிதம் தெரிந்த மாணவர்களே தீர்த்துக் காட்டினார்கள். இப்போது பத்தாம் அத்தியாயத்தில், எரிபொருள் கோலையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் ஒரே கலமாக எடுத்துச் செய்யும் கணக்குகளில் நிற்கிறேன். ஐந்தாவது கொப்பி முடியப் போகிறது.