மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு காகிள்ஸ்: இரண்டு குளிர்காலங்களின் அனுபவம்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில், டான்ஃபோர்த் வீதியும் மெயின் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே என் வீடு இருக்கிறது. பணியிடம் மேற்கே, ப்ளூர் வீதியில், ஸ்பதைனாவுக்குப் பக்கத்தில். 2020இல் டான்ஃபோர்த் வீதியில் சைக்கிள் தடம் போடப்பட்ட பிறகு, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வரும் இந்தத் தூரத்தை ஆண்டு முழுவதும் சைக்கிளிலேயே போய் வருகிறேன். இரு கண்களுக்கும் மைனஸ் ஐந்தரை பவர் என்பதால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்கு முன்னால் செல்லும் பேருந்தின் எண்கூடத் தெரியாது. ஆகவே குளிரில் கண்ணைக் காப்பதற்கு நான் எதை வாங்கினாலும் அது மூக்குக்கண்ணாடியோடு ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒத்துப்போகும்படி செய்யப்பட்ட பனிச்சறுக்குக் காகிள்ஸ் ஒன்றை இரண்டு முழுக் குளிர்காலங்கள் சைக்கிளில் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பெட்டியில் 'ஓ.டி.ஜி.' என்று மூன்று எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தால், அது மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே அணிவதற்கு ஏற்றது என்று பொருள். வரியும் சேர்த்து 90 டொலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவருக்குக் காற்றிலிருந்து ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே நினைத்திருந்தேன். டான் பள்ளத்தாக்கைக் கடக்கும் ப்ளூர் மேம்பாலத்தில் ஒரு சனவரிக் காலையில் அந்த எண்ணம் மாறியது. 1918இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க அங்கே கட்டடமும் இல்லை, மரமும் இல்லை. அன்று வெப்பநிலை மைனஸ் 14 பாகை. மூக்குக்கண்ணாடியின் வில்லைக்கும் கன்னத்துக்கும் இடையே இருக்கும் ஒரு விரல் அகல இடைவெளியில் காற்று கீழிருந்து மேலாகப் புகுந்து சுழன்றது. கண்ணீர் வழிந்து, அதில் ஒரு துளி வில்லையின் உட்புறத்தில் தெறித்து அங்கேயே உறைந்தது. பாலத்தின் நடுவில் கண்ணைச் சிமிட்டியபோது வலது கண்ணின் கீழ் இமைமயிரும் மேல் இமைமயிரும் ஒட்டிக்கொண்டு, மறுபடி பிரிய ஒரு கணம் எடுத்தன. அந்த ஒரு கணம் என் இடப்பக்கத்தில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

குளிர்காற்று பட்டதும் கண்ணீர் பெருகுவது கண்ணின் பலவீனத்தால் அன்று. விழிவெண்படலத்தில் குளிரை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. குளிர்ந்த, உலர்ந்த காற்று கண்ணின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை ஆவியாக்கும்போது அவை தூண்டப்பட்டு, கண்ணீர்ச் சுரப்பி திடீரென நீரைக் கொட்டுகிறது. மூக்குக்குள் வடிய வேண்டிய குழாய் அவ்வளவு நீரை ஒரே நேரத்தில் ஏற்க முடியாததால் எஞ்சியது கன்னத்தில் வழிகிறது. காற்றே அசையாத நாளில்கூடச் சைக்கிளின் வேகம் முகத்தில் காற்றாக மோதுகிறது என்பதால், நடப்பவரைவிடச் சைக்கிளில் செல்பவருக்கு இந்தத் தொல்லை அதிகம். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் கணக்கின்படி, வெப்பநிலை மைனஸ் 10 ஆக இருக்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 18 போல இருக்கும்; காற்று 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் மைனஸ் 20 போல இருக்கும். ரொறன்ரோவில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வருவதால், காலையில் மேற்கு நோக்கிப் போகும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு வேகங்களும் சேர்ந்துகொள்கின்றன.

இனி பொருளைப் பற்றி. இந்தக் காகிள்ஸின் சட்டகம் சாதாரண பனிச்சறுக்குக் காகிள்ஸை விட ஆழமானது; மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிகள் வெளியே வருவதற்காக இரு பக்கத்துப் பஞ்சு விளிம்பிலும் சிறிய வெட்டு விடப்பட்டிருக்கிறது. முன்பக்க வில்லை உண்மையில் இரண்டு வில்லைகள். நடுவில் காற்று அடைபட்டிருக்கிறது. நம் வீட்டுச் சன்னல்களில் இரட்டைக் கண்ணாடி எதற்காக இருக்கிறதோ அதே காரணத்துக்காகத்தான் இதுவும்: வெளிவில்லை உறைந்தாலும் உள்வில்லை ஓரளவு வெதுவெதுப்பாக இருப்பதால் முகத்திலிருந்து எழும் ஈரம் அதில் எளிதில் படியாது. 1965இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாப் ஸ்மித் என்ற பல் மருத்துவர் இந்த இரட்டை வில்லையையும் காற்றை விடும் பஞ்சையும் சேர்த்துக் காகிள்ஸ் செய்தார். இன்று கடையில் கிடைக்கும் காகிள்ஸ் பெரும்பாலும் அதே அமைப்பில்தான் இருக்கின்றன. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நாட்டின் வடக்கே இனுயிட் மக்கள் கொம்பிலும் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் விட்டுக் கண்காப்பு செய்து அணிந்தார்கள். அதில் கண்ணாடியே இல்லை என்பதால் ஆவி படியும் பிரச்சினையும் இல்லை. அந்த எளிமையை நினைத்து நான் வியக்காத குளிர்காலம் இல்லை.

ஆவி படிவதுதான் இந்தப் பொருளின் உண்மையான சோதனை, அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்தத் தொல்லையும் இல்லை: மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் உள்ள துளைகள் வழியாகக் காற்று நுழைந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சிவப்பு விளக்கில் நின்றவுடன்தான் நிலைமை மாறுகிறது. மேம்பாலத்தில் எதிர்காற்றோடு போராடி, உடல் சூடேறி, மூச்சு வாங்கியபடி ஷெர்போர்ன் சந்தியில் நிற்கும்போது, முதலில் மங்குவது காகிள்ஸின் வில்லை அன்று, உள்ளேயிருக்கும் மூக்குக்கண்ணாடி. கீழ்விளிம்பில் மூக்குத்தாங்கிகளுக்கு அருகில் வெண்மை தோன்றி, அரை நிமிடத்தில் பாதி வில்லை வரை ஏறிவிடும். காகிள்ஸின் உள்வில்லைக்கு ஆவி தடுக்கும் பூச்சு இருக்கிறது. என் மூக்குக்கண்ணாடிக்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு முதல் குளிர்காலத்தில் ஒரு மாதம் பிடித்தது. அதுவரை காகிள்ஸையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீர்வு மூச்சை எங்கே விடுகிறோம் என்பதில் இருந்தது. மூக்கையும் வாயையும் மூடும் கம்பளிக் கழுத்துறையை நான் காகிள்ஸின் கீழ்விளிம்புக்கு உள்ளே செருகி வைத்திருந்தேன். குளிர் புகாமல் இருக்க அதுதான் இயல்பான வழி என்று தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால் வெளிவிடும் மூச்சு முழுவதும் துணிக்குள் மேலேறி நேரே கண்ணுக்குப் போகிறது. இப்போது கழுத்துறையை மூக்கு நுனிக்குக் கீழே இறக்கிவிட்டு, காகிள்ஸின் மூக்குப் பகுதிப் பஞ்சு தோலோடு நேராகப் படியும்படி வைக்கிறேன். மூக்கின் மேல் ஒரு விரல் அகலத் தோல் வெளியே தெரியும். மைனஸ் 15 வரை அதைத் தாங்கிக்கொள்ளலாம், அதற்குக் கீழே அந்த இடத்தில் தோலுக்குப் பூசும் மென்பசை சிறிது தடவிக்கொள்கிறேன். இதோடு, மூக்குக்கண்ணாடி வில்லையின் இரு பக்கமும் ஆவி தடுக்கும் திரவத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை பூசுகிறேன். மூன்றாவதாக, வீட்டுக்குள் சப்பாத்து கட்டி, சைக்கிளைப் படியில் இறக்கி, பையை மாட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் காகிள்ஸை முகத்துக்கு இழுக்கிறேன். வியர்வையோடு புறப்பட்டால் எந்தப் பூச்சும் உதவாது. இவை மூன்றையும் கடைப்பிடித்த பிறகு சிவப்பு விளக்கில் ஒரு நிமிடம் வரை தெளிவாகப் பார்க்க முடிகிறது. எனக்கு அது போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தவறை மன்னிக்க முடியவில்லை. முதலில் நான் வாங்கியது இப்போது பயன்படுத்தும் நிறமற்ற வில்லை அன்று. கடையில் இருந்தவரிடம் சைக்கிளில் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், எல்லா வெளிச்சத்துக்கும் பொருந்தும் என்று உறுதி கூறி, கண்ணாடி போல் பளபளக்கும் ஓர் இருண்ட வில்லையைக் கொடுத்தார். வில்லையின் ஓரத்தில் எஸ்3 என்று பொறித்திருந்தது. எஸ்3 என்றால் 8 முதல் 18 விழுக்காடு வெளிச்சத்தை மட்டுமே உள்ளே விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. டிசம்பரில் இந்நகரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அப்படி ஒரு மாலை அந்த இருண்ட வில்லையோடு திரும்பி வரும்போது, வீதி விளக்குகளுக்கு இடையே தார் எது, தாரின் நிறத்திலேயே படிந்திருக்கும் பனிக்கட்டி எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல், ஓர் இடத்தில் முன்சக்கரம் வழுக்கி இடது முழங்கையில் விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் காகிள்ஸ் விற்பவர்கள் இந்த எண்ணை வாங்குபவரிடம் விளக்கியே தீர வேண்டும். வேலைக்குப் போய்வருபவருக்குத் தேவை எஸ்0, அதாவது 80 விழுக்காட்டுக்கு மேல் வெளிச்சத்தை விடும் நிறமற்ற வில்லை. பகலும் இரவும் ஒன்றே வேண்டும் என்றால் 43 முதல் 80 விழுக்காடு வரை விடும் எஸ்1 வகையில் வெளிர்மஞ்சள் அல்லது வெளிர்சிவப்பு. புதிதாக விழுந்த பனி புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது என்பதால் சிலர் நிறமற்ற வில்லைக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. இவ்வில்லைகள் பாலிகார்பனேட்டால் ஆனவை, நிறம் இல்லாவிட்டாலும் அப்பொருள் புறஊதாக் கதிர்களை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடுகிறது. நண்பகல் வெயிலில் கண் கூசும், அவ்வளவுதான்.

பக்கப் பார்வை குறைகிறது. தடம் மாறும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது, முன்பு தாடையைப் பாதி திருப்பினால் போதுமாக இருந்தது. இப்போது தாடை தோளைத் தொடும் வரை திருப்பினால்தான் பின்னால் வரும் வாகனம் சட்டகத்தின் விளிம்பைத் தாண்டித் தெரிகிறது. படிப்பதற்கும் தூரத்துக்கும் சேர்த்து, பவர் படிப்படியாக மாறும் வில்லை போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனெனில் அவ்வில்லைகளின் பக்க ஓரங்களில் பார்வை ஏற்கெனவே தெளிவற்றது. வாங்கியவுடன் வாகனம் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

தலைக்கவசத்தோடு பொருந்துவதிலும் குறை உண்டு. பனிச்சறுக்குத் தலைக்கவசத்தின் பின்புறத்தில் காகிள்ஸ் பட்டியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இருக்கும். சைக்கிள் தலைக்கவசத்தில் அது இல்லை. பட்டியை உள்ளே போட்டால் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி பொட்டில் அழுந்தி இருபது நிமிடத்தில் வலி எடுக்கிறது. வெளியே போட்டால் மேடு பள்ளத்தில் மேலே நழுவுகிறது. பின்பக்கத்தில் ஒட்டும் பட்டையால் ஒரு சிறு வளையம் தைத்து அதில் பட்டியைச் செருகிய பின் நழுவவில்லை.

எந்தக் குளிருக்கு இது? மைனஸ் 8க்குக் கீழே போனால்தான் நான் இதை எடுக்கிறேன். அதற்கு மேல் உள்ளே வியர்த்துவிடுகிறது. மைனஸ் 8 முதல் பூச்சியத்துக்குச் சற்று மேல் வரையுள்ள நாள்களுக்கு, தொழிற்கூடங்களில் மூக்குக்கண்ணாடிக்கு மேல் அணியும் நிறமற்ற பிளாஸ்ரிக் காப்புக் கண்ணாடியே சிறந்தது. கட்டடப் பொருள் விற்கும் கடையில் 12 டொலருக்கு வாங்கினேன். அதன் கீழ்ப்புறம் திறந்திருப்பதால் ஆவி தங்குவதில்லை. பக்கச் சுவர் இருப்பதால் காற்றும், முன்னால் போகும் வாகனம் வாரி இறைக்கும் உப்புத் தண்ணீரும் கண்ணுக்கு வருவதில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு, மனமறிந்து சொல்கிறேன், முதலில் அதை வாங்குங்கள். நம் குளிர்கால நாள்களில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். சனவரி, பெப்ரவரியின் கடும் நாள்களிலும் ஓட்ட வேண்டியவருக்குத்தான் காகிள்ஸ் இன்றியமையாதது. அந்த நாள்களில் அதற்கு ஈடாக நான் வேறெதையும் காணவில்லை. மேம்பாலத்தில் மைனஸ் 19இல் எதிர்காற்றில் போனபோதும் என் கண்ணில் ஒரு துளி நீர் வரவில்லை.

கடைக்குப் போகும்போது அன்றாடம் அணியும் மூக்குக்கண்ணாடியையே போட்டுக்கொண்டு போங்கள். காகிள்ஸை அணிந்து தலையை நன்றாக ஆட்டிப் பாருங்கள்; மூக்குக்கண்ணாடி காகிள்ஸின் உள்வில்லையில் தட்டும் ஒலி கேட்டால் அதை விட்டுவிடுங்கள், அது இரண்டு வில்லையையும் கீறிவிடும். காதுக்கம்பி அகலமாக இருந்தால் பஞ்சின் வெட்டில் உட்காராமல் பக்கத்தில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் வரும் காற்று ஊசி போல ஒரே இடத்தில் குத்தும். மெல்லிய கம்பியுள்ள பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருந்தது, அதில் புதிய பவர் வில்லையை மாற்றி இந்தக் காகிள்ஸுக்கென்றே வைத்திருக்கிறேன்.

இரண்டு குளிர்காலத்துக்குப் பின் பட்டி தளரவில்லை. மூக்குப் பகுதியில் பஞ்சு ஓர் அங்குல நீளத்துக்குப் பிரிந்து, ஒட்டியிருக்கிறேன். உள்வில்லையின் வலது மூலையில் ஒரு மங்கல் திட்டு இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது ஆவி தடுக்கும் பூச்சு மென்மையாகிவிடும் என்பதை அறியாமல் ஒருநாள் கையுறையால் துடைத்ததன் விளைவு அது. உள்ளே எதையும் கொண்டு துடைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து வெப்பமூட்டியின் மேல் வைக்காமல் அறைக் காற்றில் உலர விட வேண்டும். நிறமற்ற வில்லை தனியாகவும் விற்கிறார்கள், 35 டொலர். வருகிற நவம்பருக்காக ஒன்று வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.