சிஎல்-90 தெர்மிஸ்டர்: வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இது மட்டும் போதுமா?

சூடேறச் சூடேற மின்தடை குறையும் பொருள் இது, சுவிட்ச் போட்ட நொடியில் பாயும் மின்னோட்டத்தை அடக்கும். ஆம்ஃபீனாலின் இந்தச் சின்ன வட்டு குளிர்ந்திருக்கையில் 120 ஓம். சூடேறினால் ஒன்றிரண்டு ஓமுக்கு இறங்கும். தொடர்ந்து தாங்குவது 2 ஆம்பியர். 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட். எனவே சுவிட்ச் போட்டதும் பாயும் மின்னோட்டம் 2.7 ஆம்பியரைத் தாண்டாது. டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவர்களுக்கு ஃபியூஸ் போகும் தொல்லை தீரும், வால்வுகளுக்குள் இருக்கும் குளிர்ந்த ஹீட்டர் இழைகளுக்கும் அதிர்ச்சி குறையும். அந்த வேலைக்கு அருமையான பொருள்.

ஃபியூஸ், சுவிட்சுக்குப் பிறகு பிரைமரியின் ஃபேஸ் கம்பியில் தொடராகச் சேர்க்கவும். கால்களை நறுக்காமல் நீளமாக விட்டு, டேக்கில் வளைத்து மாட்டிய பிறகே சால்டர் செய்யவும். பிவிசி வயரும் கண்டென்சரும் பக்கத்தில் வேண்டாம், கடுமையாகச் சுடும். அணைத்த உடனே மறுபடி போட்டால் பாதுகாப்பு இல்லை, வட்டு ஆறியிருக்காது. இரண்டு மூன்று விநாடியில் வட்டை ஷார்ட் செய்து ஆறவிடும் 10 ஆம்பியர் ரிலே இதற்குச் சரியான மருந்து. 0.2 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் குட்டி ஆம்ப்ளிஃபயரில் வட்டு முழுதாகச் சூடேறாது, ஹீட்டருக்கு 6.3 வோல்ட் முழுதாகக் கிடைக்காது, கொஞ்சம் குறையும்.

ஆனால் ஹெச்டியை, அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜை, இது தாமதப்படுத்தாது. 300-0-300 (நடு டேப்பிலிருந்து இருபுறமும் 300 வோல்ட்) செகண்டரியில் 1என்4007 டயோடு போட்டால், வால்வுகள் சூடாகும்வரை லோடே இல்லாமல் 424 வோல்ட் நிற்கும். லைன் 245 வோல்ட்டுக்கு ஏறினால் அது 452 ஆகும். 450 வோல்ட் கண்டென்சர் எல்லை மீறும். அங்கே டயோடுக்குப் பதில், தானும் மெதுவாகச் சூடேறும் ஜிஇசட்34 வால்வு ரெக்டிஃபயர்தான் என் தேர்வு, முதல் கண்டென்சர் 60 மைக்ரோஃபாரடுக்குள் இருக்கட்டும்.