மூன்று சோடாக்கள்: எந்த வேலைக்கு எது?

மளிகைக் கடையில் கிடைக்கும் ஆப்பசோடா, துணி துவைக்கும் சலவை சோடா, ரசாயனக் கடையில் வில்லைகளாகவும் செதில்களாகவும் விற்கப்படும் காஸ்டிக் சோடா ஆகிய மூன்றும் சோடியத்தின் சேர்மங்களே. முறையே சோடியம் பைகார்பனேட், சோடியம் கார்பனேட், சோடியம் ஹைட்ராக்சைடு என்பவை அவற்றின் வேதிப் பெயர்கள். மூன்றும் வெள்ளையாக இருப்பதாலும் பெயரில் சோடா இருப்பதாலும் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. நீரில் கரைத்த ஆப்பசோடாவின் பி.எச். அளவு 8.3-ஐ ஒட்டியிருக்கும், சலவை சோடாவுக்கு அது 11-ஐத் தாண்டும், காஸ்டிக் சோடாவுக்கு 13-க்கும் மேல். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்காகிறது என்பதால், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தொலைவு எண்களில் தெரிவதைவிட மிகப் பெரியது.

சமையலில் ஆப்பசோடாவுக்குப் போட்டியே இல்லை. புளித்த மாவிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து அது கரியமில வாயுவை வெளிவிடுவதால்தான் ஆப்பம் துளைவிட்டு மெத்தென்று வருகிறது. புளிப்பு போதாத மாவில் அளவுக்கு மீறிப் போட்டால், சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறித் தங்கிவிடும். பண்டத்தில் சோப்பு போன்ற சுவையும் மஞ்சள் நிறமும் தட்டுவது இதனால்தான். கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டும் என்று ஒரு சிட்டிகை சேர்ப்பவர்கள், பருப்பிலுள்ள பி1 வைட்டமின் காரத்தில் அழியும் என்பதையும் கணக்கில் கொள்வது நல்லது.

சுத்தம் செய்யும் வேலையில் ஆப்பசோடாவுக்குத் தகுதிக்கு மீறிய புகழ் கிடைத்திருக்கிறது என்பதே என் கருத்து. மென்மையான துகள்கள் என்பதால் கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றைக் கீறல் விழாமல் தேய்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் புளித்த வாடையையும் ஓரளவு குறைக்கலாம். ஆனால் அடுப்படிச் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அதனால் கரைக்க இயலாது. அதோடு வினிகரைக் கலக்கச் சொல்லும் குறிப்புகள் இன்னும் விந்தையானவை: காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் பாத்திரத்தில் எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். அழுக்குக்கு அதனால் பெரிய கேடு எதுவும் இல்லை.

அந்த வேலைக்கு ஏற்றது சலவை சோடா. வெந்நீரில் கரைத்தால் எண்ணெய்ப் பிசுக்கின் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றி இளக்குகிறது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படிய வைத்து, சோப்பு நுரைக்க வழிசெய்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இந்த இரண்டாவது பயன் மிக முக்கியமானது. சலவைத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் உவர்மண்ணை வெள்ளாவிக்குப் பயன்படுத்தியதும் அதில் இயற்கையாகவே இருந்த இந்தக் காரத்துக்காகத்தான். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடிக் கற்கள்போல் இருக்கும் படிகச் சோடாவின் எடையில் ஏறத்தாழ 63 விழுக்காடு தண்ணீர். சோடா ஆஷ் எனப்படும் நீரற்ற பொடியில் அது இல்லை. ஆகவே விலையை ஒப்பிடும்போது 1 கிலோ பொடிக்கு ஈடாக 2.7 கிலோ படிகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். திறந்து வைத்த படிகத்தின்மேல் வெள்ளைத் தூள் பூத்தால் அது கெட்டுவிட்டதாகக் கொட்ட வேண்டியதில்லை. நீர் வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். அதன்பின் சற்றுக் குறைவாகப் போட்டாலே போதும்.

அலுமினியப் பாத்திரம், பட்டு, கம்பளி ஆகிய மூன்றும் இந்தச் சோடாவுக்கு ஆகாதவை. அலுமினியம் கறுத்து அரிக்கப்படும். பட்டும் கம்பளியும் புரத இழைகள் என்பதால் காரத்தில் வலுவிழக்கும். கச்சாப் பட்டின் பசையை நீக்கச் சோப்போடு சோடாவும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் வழக்கம் உண்டே என்று கேட்கலாம். அது அளவும் நேரமும் அறிந்த கைகளில் நடப்பது.

காஸ்டிக் சோடா வீட்டுக்குள் வராமல் இருப்பதே நல்லது. சோப்பு செய்ய அதைத் தவிர்க்க முடியாது: 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 180 கிராம் தேவைப்படும். அப்போதும் சோடாவைத்தான் சிறிது சிறிதாகத் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் சூட்டில் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் காரம் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவுவதால், வினிகர் தேடி நேரத்தை வீணாக்காமல் ஓடும் நீரில் தொடர்ந்து கழுவியபடியே மருத்துவ உதவியை நாட வேண்டும். அடைத்த சாக்கடைக் குழாய்க்கு முதலில் கம்பியோ ரப்பர் உறிஞ்சியோ போதும். ஏற்கெனவே ஆசிட் ஊற்றிய குழாயில் இதைப் போடுவது பேராபத்து.

ஆலைகளில் வரிசை மாறுகிறது. உலகில் உற்பத்தியாகும் சோடா ஆஷில் ஏறக்குறையப் பாதி கண்ணாடித் தொழிலுக்குப் போகிறது. மணலை உருக்கத் தேவைப்படும் வெப்பத்தை அது குறைக்கிறது. தூத்துக்குடியில் உள்ள ஆல்கலி ஆலை, தன் கொதிகலன் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைக் கொண்டே சோடா ஆஷ் தயாரிக்கும் முறையை 2016-இல் தொடங்கியது. ஜவுளியில் மூன்று சோடாக்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் மெர்சர் 1844-இல் கண்டறிந்தபடி, செறிந்த காஸ்டிக் கரைசல் பருத்தி நூலை உப்பச் செய்து அதன் வலுவையும் சாயம் ஏற்கும் திறனையும் கூட்டுகிறது. இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தைத் தொட்டியில் பருத்தியோடு பிணைப்பதற்குச் சாயப்பட்டறைகள் நம்பியிருப்பது சோடா ஆஷை. அதே சாயத்தைப் பசையாக்கித் துணியில் அச்சிடும்போது மட்டும் ஆப்பசோடா முந்திக்கொள்கிறது: வலிய காரம் கலந்த பசை நெடுநேரம் தாங்காது, ஆப்பசோடா கலந்த பசை அச்சிடும்வரை கெடாமல் இருந்து, நீராவிச் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறி, சாயத்தை அங்கேயே இழையோடு பிணைத்துவிடுகிறது.