பெங்களூரில் வீட்டு வேலை: யாருக்கு லைசென்ஸ் உண்டு, யாருக்கு இல்லை

கலிஃபோர்னியாவில் சமையலறையை இடித்துக் கட்ட ஆள் தேடினால், கை முதலில் போவது மாநில ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் வாரியத்தின் தளத்துக்குத்தான். பெயரைத் தட்டினால் போதும்: லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, 25,000 டாலர் பாண்ட் (வேலையில் தவறினால் ஈடுகட்டும் உத்தரவாதம்) உண்டா, வேலையாட்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரா என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். வீட்டுச் சீரமைப்புக்கு முன்பணமாக மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கவே முடியாது.

அதே நினைப்போடு அல்சூரிலோ மர்ஃபி டவுனிலோ அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறுகிறார்கள். டைல்ஸ், பெயின்ட், வாட்டர்ப்ரூஃபிங், மாடுலர் கிச்சன் வேலை எடுக்கும் கான்ட்ராக்டருக்கு இங்கே லைசென்ஸ் கொடுக்கும் துறை என்று ஒன்றும் இல்லை. இன்டீரியர் டிசைனருக்கும் இல்லை. அலுவலகச் சுவரில் 'அரசு பதிவு பெற்றது' என்று மாட்டியிருப்பது பெரும்பாலும் ஜிஎஸ்டி சான்றிதழ், கடைப் பதிவு, உத்யம் பதிவு இவற்றில் ஒன்றாக இருக்கும். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான பதிவு, ஆன்லைனில் காசில்லாமல் தாமே நிரப்பிக்கொள்வது. மூன்றில் எதுவும் வேலைத் திறமையைச் சோதித்துப் பார்த்துத் தருவதல்ல. ஆனாலும் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி வைப்பது நல்லது. 15 இலக்கம் இருக்கும், கர்நாடகப் பதிவு என்றால் 29-ல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். பின்னால் வழக்குப் போட நேர்ந்தால் யார் மேல் போடுவது என்பதற்கு அந்தப் பெயர்தான் வேண்டும். விசிட்டிங் கார்டில் உள்ள பிராண்ட் பெயர் அங்கே உதவாது.

லைசென்ஸ் உள்ளவர்கள் யார் என்றால், முதலில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். கர்நாடக அரசின் மின் ஆய்வுத் துறை வழியாக இவர்களுக்கு லைசென்ஸ், வயர்மேனுக்குத் தனி பர்மிட். பழைய வீட்டில் இரண்டு ஏசியும் இரண்டு கீசரும் ஏற்றினால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் அனுமதித்த லோடு (மின்சுமை அளவு) போதாது. லோடு கூட்டி வாங்க லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து வேண்டும். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. வயரிங்கைத் தெரு முனை எலக்ட்ரீஷியன் செய்வார், கையெழுத்தை மட்டும் லைசென்ஸ்காரர் ஒருவர் காசுக்குப் போட்டுக் கொடுப்பார். கையெழுத்துப் போடுகிறவர் வீட்டுக்கு வந்து எர்த்திங், இன்சுலேஷன் சோதனை செய்தாரா என்று கேளுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய குடிநீர் இணைப்புக்கு இதே மாதிரி ஜலமண்டலியின் (பெங்களூர் குடிநீர் வாரியம்) லைசென்ஸ் பெற்ற பிளம்பர் உண்டு.

ஆர்க்கிடெக்ட் விஷயம் கொஞ்சம் விசித்திரம். 1972-ன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது அந்தப் பட்டத்தைத்தான், வேலையை அல்ல. வரைபடம் யார் வேண்டுமானாலும் போடலாம், 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளத்தான் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் பதிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. பதிவு எண் சிஏ என்று தொடங்கி, பதிவான ஆண்டும் வரிசை எண்ணும் வரும். கார்டில் 'ஆர்க்கிடெக்சுரல் கன்சல்டன்ட்' என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். எந்தச் சுவரையும் இடிக்கிற வேலை என்றால் டிசைனர் சொல்வதை நம்பாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

லைசென்ஸ் வாரியம் இல்லாத இடத்தில் காப்பாற்றுவது ஒப்பந்தத் தாள்தான். பெங்களூரில் சகஜமாகக் கேட்பது பாதிப் பணம் அட்வான்ஸ். அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். 10 சதவீதத்தில் தொடங்கி, வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தை நிறுத்தி வையுங்கள், பேரத்தில் 5-க்கு வந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வேலையை டிசம்பர், ஜனவரி லீவில் வைத்துக்கொள்வார்கள். அது காய்ந்த காலம். மொட்டை மாடியின் ஒழுகல் ஜூனில் தொடங்கி அக்டோபர் மழைக்குள் தெரியும், அதற்குள் பணம் முழுவதும் போயிருக்கும். அதனால் மாடிக்கும் குளியலறைக்கும் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்தி, கீழ்க் கூரையைப் படமெடுத்த பிறகே அந்தக் கட்டத் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பொருளைத் தர எண்ணோடு எழுதுங்கள். கிச்சனுக்கு 'மரைன் பிளை' என்று சொல்லிவிட்டுச் சாதாரண பிளை போடுவது இந்தத் தொழிலின் பழைய வித்தை. ஐஎஸ் 710 என்பது மரைன், ஐஎஸ் 303 சாதாரணம். இரண்டுமே பலகையில் முத்திரையாக அச்சிட்டிருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த ஆலை, எந்தப் பொருள், லைசென்ஸ் செல்லுமா என்று காட்டும். லேமினேட் ஒட்டியபின் முத்திரை உள்ளே மறைந்துவிடும், ஆகவே பலகை இறங்கும் அன்றே வீட்டிலிருப்பவர் படம் எடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் அப்பா, பிள்ளை இருவர் பெயரும் இருக்கட்டும். பணம் வங்கி வழியாகவே போகட்டும். 'ஜிஎஸ்டி இல்லாமல் கேஷாகக் கொடுத்தால் 18 சதவீதம் மிச்சம்' என்பது இனிப்பாகத்தான் இருக்கும். பிறகு வழக்கில், கொடுத்த பணத்தை நிரூபிக்க முடியாமல் நிற்பதும் அந்த மிச்சத்தால்தான்.

வேலை கெட்டுப்போனால் முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிச் சமரசம் செய்துவைக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. பெரிய நிறுவனம் இதற்கு இறங்கிவரும், மேஸ்திரி வர மாட்டார்.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். கணக்கு கொடுத்த பணத்துக்குத்தான், கேட்கும் நஷ்டஈட்டுக்கு அல்ல. 18 லட்சம் கொடுத்துவிட்டு 60 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையமே. கட்டணம் 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ருதி தளத்தில் வெளிநாட்டில் இருந்தபடியே மனுப் போடலாம், காணொலி விசாரணைக்கும் வழி உண்டு. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (நடுவர் வழித் தீர்வு) என்று எழுதியிருந்தாலும் ஆணையத்துக்குப் போகும் உரிமை போகாது. 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள கெடு, நடப்பில் ஆண்டுக்கணக்கு ஆகலாம்.

மனுக்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: எரிச்சலில் வேறு ஆளை வைத்து ஒழுகலைச் சரிசெய்துவிட்டுப் பிறகு வழக்குப் போடுவது. முதல் ஆளின் குறைக்குச் சாட்சி அதோடு இடிந்துபோகிறது. கை வைக்குமுன் தகுதியுள்ள இன்ஜினியர் ஒருவரிடம் அளவுகள், படங்கள், சரிசெய்ய ஆகும் செலவு மூன்றும் சேர்ந்த அறிக்கை வாங்குங்கள், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புங்கள், அதன்பின் சரிசெய்யுங்கள். வீட்டைப் பிஜியாக (பேயிங் கெஸ்ட் விடுதி) மாற்றி வாடகைக்கு விட இருந்தால் 'இது வியாபாரம், இவர் நுகர்வோரே அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வக்கீலே காலை வாரினால் இந்த ஆணையம் உதவாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

பழைய வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட் வாங்குவோம் என்று மனம் மாறுகிறவர்களுக்கு மிஷன் ரோடு அருகே இருக்கும் கர்நாடக ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். புரோக்கருக்கு லைசென்ஸ் என்று இருப்பது இங்கே மட்டும்தான், அதுவும் ரெராவில் பதிவான திட்டங்களை விற்க மட்டும். வாடகை வீட்டுக்கோ பழைய தனி வீட்டுக்கோ ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்கும் தெரு புரோக்கர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவு எண்ணின் நடுவில் பிஆர் (PR) என்றிருந்தால் அது திட்டம், ஏஜி (AG) என்றிருந்தால் ஏஜென்ட். ஏசிகே (ACK) என்று தொடங்கினால் விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. நோட்டீஸில் அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு நம்பவைக்கும் வழக்கம் உண்டு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த பின் 5 ஆண்டு வரை கட்டுமானக் குறையை 30 நாளில் சரிசெய்து தர வேண்டும்.

ரெராவில் ஜெயிப்பதைவிடப் பணத்தைக் கையில் வாங்குவதுதான் பெரும்பாடு. திருப்பித் தரச் சொன்ன உத்தரவை பில்டர் மதிக்காவிட்டால், ரெரா வசூல் சான்று எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும். அங்கிருந்து தாசில்தாருக்குப் போய், நிலவரிப் பாக்கி போல வசூலாக வேண்டும். பில்டருக்கு என்ன சொத்து எங்கே இருக்கிறது என்று தாசில்தார் தேடிப் போய்க்கொண்டிருக்க மாட்டார். விற்காத ஃபிளாட் எண்கள், சர்வே எண், வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு இத்தனையையும் நீங்களே திரட்டி அந்தக் கோப்போடு சேர்த்துக் கொடுத்தால்தான் ஜப்தி நோட்டீஸ் கிளம்பும்.