இரணைதீவில் நண்டுச் சாப்பாடு

வன்னிக் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை, நல்ல மீன் சாப்பாட்டுக் கடைக்குத்தான் பஞ்சம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக முழங்காவிலுக்கு வருவது சுகம். ஆனால் வழியில் நாங்கள் ஏறிய கடையில் தந்த பாரைத் துண்டு இரண்டு தரம் பொரிபட்டது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, இதென்ன கொடுமை!

சரி, முழங்காவிலுக்கு எதிரே கடலில் இருக்கும் இரணைதீவுக்கே போவோம் என்று முடிவெடுத்தோம். கரையோர ஊரான இரணைமாதா நகரில் உறவினரின் சிநேகிதர் வள்ளம் ஒழுங்கு செய்து தந்தார். தொழிலுக்குப் போகிற வள்ளம்தான். குஷன் இருக்கை தேடாதீர்கள். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் எப்படி என்று முதல் நாளே கேளுங்கள். குடிதண்ணீரும் கொண்டுபோங்கள்.

1992இல் இடம்பெயர்ந்த சனம், 2018 ஏப்ரலில் தாங்களாகவே வள்ளங்களில் ஏறிப்போய் மீண்டும் கால்வைத்த தீவு அது. சாப்பாட்டுக்கடை இருக்கும் என்று நம்பிப் போனால் பட்டினிதான். மீனவர் தங்கும் வாடி ஒன்றில் சொல்லிவைத்திருந்ததால் தப்பினோம்.

அங்கே வலையிலிருந்து நண்டு கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கால் ஒடியாமல் நூலை ஒவ்வொன்றாக விலக்கி எடுக்கிறார்கள். முழு நண்டு ஐஸ்பெட்டிக்குள், பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனிக்கு. கால் ஒடிந்தது கறிச்சட்டிக்கு.

"நல்லதெல்லாம் உங்கட பக்கம்தான் வருது தம்பி, எங்களுக்கு நொண்டி நண்டு" என்று சிரித்தார் வாடியில் சமைத்த அக்கா.

ரொறொன்ரோவில் ஐஸ்கட்டியாக உறைந்த நண்டுக்குக் காசைக் கொட்டுகிறவன் நான். அந்த நொண்டி நண்டுக்கு ஈடாக அங்கே ஒன்றும் தின்றதில்லை. விறகடுப்பு, பழப்புளி, தேங்காய்ப்பால், இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. பக்கத்தில் மொறுமொறுவென்று சூடை மீன் பொரியல். சோறு மூன்றாம் தரமும் கேட்டேன், வெட்கமில்லாமல்.

காசு எவ்வளவு என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள். அதற்காகச் சும்மா எழும்பி வந்துவிடாதீர்கள். நாங்கள் முழங்காவிலில் அரிசி, தேங்காய், தேயிலை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனோம். காசைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். அப்புறம், நிலாக்காலத்தில் போகவேண்டாம், நண்டில் சதை இருக்காது என்கிறார் வள்ளக்காரர். அமாவாசையை ஒட்டிப் போங்கள்.